காப்புக் கட்டிய கூடைப்பந்துக் குழு

பரிமளம் டீச்சர் ஆட்ட நேரத்தில் உட்கார்ந்திருந்ததை யாரும் பார்த்ததில்லை. மைதானத்தின் ஓரத்தில் ஒரு தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நின்றுகொள்வார். வெள்ளைச் சேலை, கழுத்தில் ரயில் கார்டு ஊதுவது போன்ற விசில், கையில் மடக்கிய கறுப்புக் குடை. அந்தக் குடை மழைக்கும் விரிந்ததில்லை, வெயிலுக்கும் விரிந்ததில்லை. யார் எங்கே நிற்க வேண்டும் என்று காட்டுவதற்குத்தான் அது.

மாத்தளையில் மிஷன் நடத்திவந்த பெண்கள் கல்லூரி ஒன்றில் பதினேழு வருடம் அவர் கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்தார். போன மாதம், நாற்பத்துமூன்று வயதில், நாலே நாள் காய்ச்சலில் போய்விட்டார். அவரை நினைத்தால் முதலில் காதில் விழுவது அவர் போட்ட சத்தம்தான்.

"பந்து என்னடி உன் சீதனமா? கட்டிப்புடிச்சுக்கிட்டு நிக்கிற! விடு!"

ஊரில் அந்த ஆட்டத்தைக் கண்ட முதல் ஆள் அவர்தான். மிளகு, கொக்கோ வாங்கி விற்கும் குடும்பம் அவருடையது. கொழும்பில் ஆசிரியர் பயிற்சிக்குப் போன இடத்தில் பெண்கள் கூடைப்பந்து ஆடுவதைப் பார்த்தார். பிறகு தானும் ஆடினார். 1931இல் கணக்கு ஆசிரியையாகத் திரும்பி வந்தபோது அவருடைய டிரங்குப் பெட்டியில் ஒரு தோல்பந்தும் ஆங்கிலத்தில் அச்சிட்ட விதிப் புத்தகமும் இருந்தன. பெட்டியைத் திறந்து பார்த்த தம்பி ராமநாதன், "அக்கா, படிக்கப் போனீங்களா, பந்து வெளையாடப் போனீங்களா?" என்று கேட்டாராம். "ரெண்டும் பாஸ்" என்றாராம் டீச்சர்.

ஆட்டம் எளிது. ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். பந்தைப் பிடித்தவள் பிடித்த இடத்திலேயே நிற்க வேண்டும், ஓடக்கூடாது. மூன்று எண்ணுவதற்குள் இன்னொருத்திக்கு எறிந்துவிட வேண்டும். பத்தடிக் கம்பத்தில் மாட்டிய வளையத்துக்குள் பந்தைப் போட்டால் ஒரு கோல். கல்லூரிக்குப் பின்னால் கொய்யா மரங்கள் நின்ற நிலத்தைச் சமப்படுத்தி, இரண்டு கித்துள் பனைக் கம்பங்களை நட்டு, பீப்பாய்ப் பட்டையை வளைத்து அடித்த வளையங்களை டீச்சர் மாட்டினார். ஆட்டத்தைவிடக் கடினமாக இருந்தது ஆட்களைச் சேர்ப்பதுதான். அவர் வீடு வீடாகப் போனார்.

புடவை வியாபாரி பதுர்தீனின் வீட்டில் இப்படி நடந்தது. அவர் மகள் உம்மு குல்தூம் வகுப்பிலேயே வேகமானவள்.

"டீச்சர், புள்ள குதிக்கிறது எனக்குப் பெரிய காரியமில்ல. குதிக்கிறத ரோட்டால போற எல்லாரும் பாக்கப்படாது. அதான் காரியம்."

"வேலி அடைச்சுட்டா அனுப்புவீங்களா?"

"கண்ணு போற அளவுக்கு ஓட்டை இருக்கப்படாது."

"நீங்களே வந்து பாருங்க."

ஒரு வாரத்தில் மைதானத்தைச் சுற்றி ஆளுயரத்துக்குத் தென்னோலைக் கிடுகு வேலி எழுந்தது. பதுர்தீன் வந்து வேலியோரமாக நடந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அன்றிலிருந்து தினமும் மாலை மகளை அழைத்துப்போக ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து வேலிக்கு வெளியே காத்திருந்தார்.

வேலிக்குள்ளே டீச்சரின் ராஜ்யம். முதல் குழுவில் சேர்ந்த எங்களுக்கு அவர் முதலில் கற்றுக்கொடுத்தது நிற்பது. பந்தைக் கண்டதும் ஓடிவிடும் கால்களை நிறுத்துவதற்கே மூன்று மாதம் ஆயிற்று. "ஒண்ணு, ரெண்டு, வீசு! ஒண்ணு, ரெண்டு, வீசு!" என்று பெட்டிமேல் நின்று எண்ணுவார். பந்து வெடித்துக் கொழும்புக்குத் தைக்கப் போயிருந்த நாட்களில் பந்தளவு பெரிய, புளிப்பான ஜம்போலாப் பழத்தை வைத்துப் பழக்கினார். கைதவறிய ஜம்போலா தரையில் விழுந்து உடைந்தால் தவறவிட்டவள் அன்றைக்கு மற்றவர்களுக்கு அதை உரித்துக் கொடுக்க வேண்டும். தோட்டத்துக் கங்காணியின் மகள் பாப்பம்மா எங்களில் உயரமானவள், கோல் போடுபவள், தலைவியும் அவள்தான். அவளுக்குப் பழம் உரிக்கப் பொறுமை கிடையாது. அதனால் அவள் கையிலிருந்து ஒரு பழமும் விழுந்ததில்லை.

நாலு வருடம் இப்படிப் போயிற்று. எங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடினோம். எதிர்த்து ஆட ஊரில் வேறு குழு இல்லை.

1935 ஜனவரியில் அதிபர் மிஸ் பெல்லாமி டீச்சரை அழைத்தார். உயரமான ஆங்கிலேயப் பெண்மணி. நியாயமானவர், ஆனால் மிஷன் நிர்வாகக் குழுவின் கடிதங்களுக்கு அஞ்சுபவர். விடுதிக்குப் புதிய சமையற்கட்டு வேண்டுமாம், மைதானத்து நிலம் அதற்கு வாகாக இருக்கிறதாம். வெளிக் கல்லூரி ஒன்றுடன் ஒரு தடவைகூட ஆடாத ஆட்டத்துக்கு அரை ஏக்கர் எதற்கு என்று குழு கேட்டிருந்தது. மார்ச் முடிவதற்குள் ஒரு போட்டி நடந்தால் மைதானம் நிற்கும். இல்லாவிட்டால் கம்பங்களைப் பிடுங்கிவிட வேண்டியது. டீச்சர் கணக்கை மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

டீச்சர் அன்றே கண்டியில் இருந்த பெண்கள் கல்லூரி ஒன்றுக்கு எழுதினார். அவர்கள் மூன்று வருடமாகப் பல இடங்களில் ஆடி வருபவர்கள். அவர்களுக்கு அந்தத் தவணையில் ஓய்வாக இருந்தது ஒரே ஒரு சனிக்கிழமை. வாருங்கள் என்று பதில் எழுதினார்கள். டீச்சர் அந்தக் கடிதத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டியபோது, குடையை முதல் தடவையாகக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் தட்டினார்.

அடுத்த மூன்று வாரம் எங்கள் எலும்பு தேய்ந்தது. போட்டிக்கு எட்டு நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை மாலை, பயிற்சிக்கு வந்த எங்களைப் பார்த்த டீச்சர் பெட்டியிலிருந்து இறங்கிவிட்டார்.

"அது என்ன கையில?"

எங்கள் மணிக்கட்டுகளில் மஞ்சள் கயிறு. பாப்பம்மா பெருமையோடு முன்னே வந்தாள்.

"காப்பு, டீச்சர். காலையில அம்மன் கோயில்ல கொடியேத்தினாங்கள்ல? நாங்க போயி கட்டிக்கிட்டோம். கண்டிக்குப் போயி ஜெயிச்சா பால்குடம் எடுக்கிறோம்னு வேண்டிக்கிட்டோம். ஒங்ககிட்ட சொல்லாம செய்யணும்னு நான்தான் சொன்னேன்."

டீச்சர் குடையின் நுனியால் மண்ணில் ஒரு கோடு போட்டார். பிறகு கேட்டார்:

"காப்புக் கட்டுனவங்க தேர் முடியிற வரைக்கும் என்ன செய்யப்படாது? சொல்லு."

"கவுச்சி சாப்புடப்படாது. ஒருவேளைதான் சாப்பாடு. துக்க வீட்டுக்குப் போகப்படாது..."

"அப்புறம்?"

பாப்பம்மா கயிற்றை மறு கையால் மூடிக்கொண்டாள். பின்னால் நின்ற ஒருத்திதான் மெல்லச் சொன்னாள்: "ஊரு எல்லையத் தாண்டப்படாது."

மாசி மகத்துத் தேர், போட்டி நடக்கும் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் கழித்து. கண்டி, எல்லைக்கு அப்பால் பதினாறு மைல்.

கண்டியில் வெல்ல வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, கண்டிக்குப் போக முடியாதபடி எங்களை நாங்களே கட்டிப்போட்டிருந்தோம். டீச்சர் எங்கள் கைகளை எண்ணினார். ஆறு. வஹகோட்டையிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருந்த கத்தோலிக்கப் பெண்ணின் கையிலும் கயிறு இருந்தது.

"நீ எங்க இதுக்குள்ள வந்த?"

"மாதாவுக்கு மெழுகுதிரி நேர்ந்துட்டேன், டீச்சர். ரெண்டு பக்கமும் இருக்கட்டும்னுதான்..."

உம்மு குல்தூம் கயிறில்லாத தன் கையைத் தூக்கினாள். "டீச்சர், நான் மட்டும் போய் ஆடிட்டு வரவா?"

டீச்சர் சிரித்துவிட்டார். அடக்க அடக்கச் சிரிப்பு வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் பாப்பம்மாவுக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை டீச்சர் கோயிலுக்குப் போனார். தர்மகர்த்தா பொன்னுத்துரை அரிசி மண்டிக்காரர், சட்டம் பேசுவதில் பெயர் பெற்றவர். பாப்பம்மாவும் நானும் கூடப் போனோம்.

"ஐயா, காப்ப அவுத்துட்டு ஒரு நாள் போயி வந்து திரும்பக் கட்டிக்கலாமா?"

"ஏம்மா, நீ கணக்கு டீச்சரு. நீயே சொல்லு. அம்மன்கிட்ட ஒரு காரியம் கேட்டுக் கயிறு கட்டியாச்சு. கேட்ட காரியத்துக்காகவே அந்தக் கயிற அவுக்கலாமா?"

"அவுக்கப்படாது."

"அப்புறம் என்ன?"

"எல்லை எங்க முடியுதுங்க?"

"தெக்க பாலத்தோட முடியுது. அதுக்கு இந்தப் பக்கம் எல்லாம் ஊருதான்."

"ரயில் ஸ்டேசன்?"

"ஸ்டேசன் உள்ளதான்மா இருக்கு." பொன்னுத்துரை கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஏன்? கண்டிய இங்க கொண்டு வரப் போறியா?"

"ஆமாங்க" என்றார் டீச்சர்.

அவர் கண்டி ஆட்ட ஆசிரியைக்கு எழுதிய கடிதத்தில் எதையும் மறைக்கவில்லை. என் பிள்ளைகள் உங்களை வெல்ல வேண்டும் என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள், அதனாலேயே உங்களிடம் வர முடியாமல் நிற்கிறார்கள், இந்தப் போட்டி நடக்காவிட்டால் எங்கள் மைதானம் சமையற்கட்டாகிவிடும், தயவுசெய்து நீங்கள் வரவேண்டும் என்று எழுதினார். திங்கட்கிழமை பதில் இல்லை. செவ்வாயும் இல்லை. மிஸ் பெல்லாமி கட்டட மேஸ்திரியை வரவழைத்து நிலத்தைக் காட்டினார். மேஸ்திரி எங்கள் கம்பத்தில் நூலைக் கட்டி அளந்துகொண்டிருந்தபோது அதே கம்பத்தின் கீழே டீச்சர் எங்களுக்குப் பயிற்சி கொடுத்தார்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இவங்க குறி தப்புனா ஒங்க தலைதான்."

பாப்பம்மாவின் குறி அன்று தப்பியது. மேஸ்திரி மிச்சத்தை அப்புறம் அளப்பதாகச் சொல்லிப் போய்விட்டார்.

புதன்கிழமை தந்தி வந்தது. நேர்த்தி எங்களுக்கு எதிராக என்றால் நேரில் வந்தே பார்க்க வேண்டும், சனி காலை பத்து மணி ரயில் என்று இருந்தது. அந்த ஆசிரியையை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை. பார்க்காமலே பிடித்துப்போயிற்று.

சனிக்கிழமை ரயிலிலிருந்து கண்டிப் பெண்கள் இறங்கியபோது ஸ்டேசனில் கால் வைக்க இடமில்லை. திருவிழாவுக்கு வந்த தோட்டத்துச் சனம், கலேவெல பக்கமிருந்து காய்கறி மூட்டைகளோடு வந்தவர்கள், தவில்காரர்கள், கரும்பு விற்பவர்கள். அந்தக் கூட்டத்தில் நீல உடுப்பும் வெள்ளைக் காலணியும் போட்ட ஏழு பெண்கள் பந்தோடு நடந்து வந்தால் யார்தான் பின்னால் வரமாட்டார்கள்? கல்லூரி வாசலை அடைந்தபோது அவர்களுக்குப் பின்னால் பாதி ஊர் இருந்தது.

நாங்கள் சேலைக் கொசுவத்தைப் பின்னால் இழுத்துச் செருகி, வெறுங்காலோடு நின்றோம். காலையிலிருந்து வயிற்றில் எதுவும் இல்லை. ஒருவேளைச் சாப்பாட்டை ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டீச்சர். தெம்பிலி இளநீர் மட்டும் ஆளுக்கு ஒன்று வெட்டிக் கொடுத்தார்.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஐந்துக்கு ஒன்று என்று பின்தங்கினோம். அவர்கள் பந்தைப் பார்க்காமலே ஒருத்திக்கொருத்தி எறிந்தார்கள். அதற்குள் வேலிக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. கிடுகின் மேலே தலைகள் முளைத்தன, பிறகு தோள்கள், பிறகு ஒரு நீளமான முறியும் சத்தம். தெற்குப் பக்கத்து வேலி அப்படியே மல்லாந்து விழுந்தது. விழுந்த வேலிமேல் ஏறி முந்நூறு பேர் உள்ளே வந்து கோட்டோரமாக உட்கார்ந்துகொண்டார்கள்.

நான் முதலில் பதுர்தீனைத் தேடினேன். மகளை இழுத்துக்கொண்டு போய்விடுவாரோ என்று பயம். அவர் அசையவில்லை, மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்துக்கு விதி தெரியாது. பாப்பம்மா பந்தைப் பிடித்ததும் அவள் தோட்டத்து ஆட்கள் எல்லோரும் எழுந்து, "ஓடு புள்ள! ஓடு!" என்று கத்தினார்கள். நாலு வருடம் நிற்கப் பழகிய பாப்பம்மா, சொந்தச் சனத்தின் குரல் கேட்டதும் பந்தோடு எடுத்தாள் ஓட்டம். விசில். பந்து அவர்களுக்கு. இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் ஓட்டம், மறுபடியும் விசில். டீச்சர் அன்று ஒரு பாதிக்கு நடுவர். அதனால் எங்களைப் பார்த்துக் கத்தவும் முடியாமல் குடையைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது கோட்டோரத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"ஓடப்படாது! ஏய், சும்மா இரிங்க! புடிச்ச எடத்துலயே நிக்கணும்! மூணு எண்ணுறதுக்குள்ள எறியணும்! தெரியாட்டி வாய மூடிட்டுப் பாருங்க!"

பதுர்தீன். நாலு வருடம் கிடுகுக்கு வெளியே நின்றவருக்கு ஆட்டத்தில் தெரியாத விதி ஒன்றுமில்லை. கண் போகிற அளவுக்கு ஓட்டை எந்த இடத்தில் இருந்தது என்று அவருக்குத்தான் தெரியும். கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்று, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி விதிகளைச் சொல்லிக்கொடுத்தார். அடுத்த தடவை பாப்பம்மா பந்தைப் பிடித்தபோது முந்நூறு பேரும் சேர்ந்து எண்ணினார்கள்: "ஒண்ணு! ரெண்டு! வீசு!"

அவள் வீசினாள். வளையத்துக்குள் விழுந்தது.

இடைவேளைக்குப் பிறகு அது வேறு ஆட்டம். உம்மு குல்தூம் நடுவிலிருந்து எறிவாள், பாப்பம்மா போடுவாள். பத்துக்கு எட்டு. பன்னிரண்டுக்குப் பதினொன்று. மிஸ் பெல்லாமியின் தொப்பி ஒரு தடவை கழன்று விழுந்தது, யாரோ எடுத்துக் கொடுத்தார்கள், மறுபடியும் விழுந்தது, பிறகு அவர் அதைக் கேட்கவே இல்லை.

கடைசி விசில் ஊதியபோது கண்டி பதினான்கு, மாத்தளை பன்னிரண்டு.

கண்டிப் பெண்கள் எங்களைக் கட்டிக்கொண்டார்கள். அவர்கள் ஆசிரியை டீச்சரின் கையைப் பிடித்து, இவ்வளவு பேர் எண்ணி நாங்கள் எங்கும் ஆடியதில்லை என்றார். எங்களுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. பாப்பம்மா கையிலிருந்த கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் இருந்த பொன்னுத்துரையிடம் போய், "ஐயா, அம்மன் எங்கள கைவிட்டுருச்சா?" என்று கேட்டாள்.

பொன்னுத்துரை வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார்.

"நீங்க என்னன்னு வேண்டுனீங்க? அப்படியே சொல்லு."

"கண்டிக்குப் போயி ஜெயிச்சா பால்குடம் எடுக்கிறோம்னு."

"கண்டிக்குப் போனீங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம் எப்படித் தோத்த? அந்த வழக்கு இன்னும் விசாரணைக்கே வரல. போயி சோத்தத் தின்னுங்க."

டீச்சருக்கு இருந்த விசாரணை வேறு. மிஸ் பெல்லாமி விழுந்த வேலியையும் மிதிபட்ட பூச்செடிகளையும் பார்த்துக்கொண்டே மைதானத்தைச் சுற்றி நடந்தார். டீச்சர் இரண்டடி பின்னால் நடந்தார். சமையற்கட்டுக்கு மேஸ்திரி அடித்திருந்த முளை ஒன்று கொய்யா மரத்தடியில் இருந்தது. மிஸ் பெல்லாமி அதைக் காலால் தட்டிச் சாய்த்தார். பிறகு, கண்டிக்கு எப்போது போகிறீர்கள் என்று கேட்டார்.

"ஜூலையில்" என்றார் டீச்சர். கண்டி ஆசிரியையோடு அது ஏற்கனவே பேசியாகிவிட்டது.

ஜூலையில் போனோம். பதின்மூன்றுக்குப் பன்னிரண்டு என்று வென்றோம். அடுத்த மாசியில் ஆறு பால்குடம் எடுத்தோம். பால் பதுர்தீன் வீட்டிலிருந்து வந்தது. "நம்ம மாட்டுப் பாலு. ஒங்களுக்கு அதுல ஒண்ணுமில்லயே?" என்று அவர் கேட்டதற்குப் பொன்னுத்துரை, "மாட்டுக்கு என்ன சாதி சமயம்? தண்ணி கலக்காம இருந்தாச் சரி" என்றார்.

அதற்குப் பிறகு டீச்சர் எந்தப் போட்டிக்கும் நாள் குறிக்கும் முன் நாலு பேரைக் கேட்பார்: கோயில் கணக்குப்பிள்ளை, பதுர்தீன், வஹகோட்டைப் பாதிரியார், அலுவிகாரை விகாரையில் இருந்த ஒரு பிக்கு. மற்றக் கல்லூரிகள் அதைச் சொல்லிச் சிரித்தன. ஆனால் எங்கள் குழுவில் ஆள் குறைந்து ஒரு போட்டியும் நின்றதில்லை. டீச்சரைப் பெண் பார்க்க மாப்பிள்ளைகள் வந்தார்கள். ஆட்டத்தை விட வேண்டும் என்பார்கள். டீச்சர் காப்பி கொடுத்து அனுப்பிவிடுவார். "அக்காவுக்கு ஏழு பொண்ணு, வருசா வருசம் புதுசா" என்பார் ராமநாதன். யுத்த காலத்தில் தோல்பந்து கிடைக்காமல் போனபோது, பழைய தோல் உறைக்குள் தென்னந்தும்பு அடைத்து இரண்டு வருடம் ஓட்டினார். அந்தக் கனத்த பந்தில் பழகிய பிள்ளைகள், சண்டை முடிந்து நல்ல பந்து வந்ததும் அதை வேலிக்கு வெளியே எறிந்துகொண்டிருந்தார்கள். பதினேழு வருடத்தில் நூற்றுக்குமேல் போட்டிகள். வென்றது பாதிக்குக் கொஞ்சம் அதிகம். எங்கள் ஏழு பேரில் நாலு பேர் வேறு வேறு ஊர்களில் இப்போது இதே ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கிறோம்.

அவர் இறந்தது ஒரு வெள்ளிக்கிழமை அதிகாலை. அன்று மாலை கல்லூரியில் குருநாகல் குழுவோடு போட்டி இருந்தது. புதிய அதிபர் ஆளனுப்பி, நிறுத்திவிடலாமா என்று கேட்டார். வீடு நிறைய ஆட்கள்; காய்ச்சல் என்று கேட்டு நாங்களும் முன்பே வந்திருந்தோம். ராமநாதன் யாரையும் கேட்கவில்லை.

"நிறுத்துனா அக்கா எந்திரிச்சு வந்துரும். ஆடச் சொல்லுங்க."

ஆடினார்கள். டீச்சரை எடுத்துப்போன பிறகு, பொழுது சாயும் நேரத்தில், அந்த ஏழு பிள்ளைகளும் வியர்வை காயாமல் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். உள்ளே வரலாமா என்று தயங்கினார்கள். என்ன ஆச்சு என்று பாப்பம்மா கேட்டாள்.

"தோத்துட்டோம், அக்கா. ஒம்பதுக்கு ஏழு."

"ஏழுதானா? ரெண்டாவது பாதியில யாரு கோல் போட்டா?"

"நான்தான். ரெண்டு தடவ கைய விட்டுப் போயிருச்சு."

"எந்தக் காலு முன்ன வச்ச?"

பிள்ளை வலது காலைக் காட்டினாள். பாப்பம்மா எழுந்துபோய் அந்தக் காலைப் பின்னுக்குத் தள்ளி, இடதை முன்னே இழுத்து வைத்தாள். உம்மு குல்தூம் அது சரியில்லை, அகலம் போதாது என்றாள். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் மூண்டது. துக்கத்துக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராமநாதன் நாற்காலியை ஓரமாக நகர்த்தி, அவர்களுக்கு இடம் விட்டார்.